ரத்தத்தில் யூரியா

அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் யூரியா கூடியிருப்பதை நானேதான் படித்துக் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெரம்பலூரில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் பரிசோதனை. கிட்னி பழுதாகிறது, உடனே திருச்சிக்குப் போங்கள் என்றார் டாக்டர். அப்பா தலையாட்டிவிட்டு எங்கள் ஊர் வாலிகண்டபுரத்துக்கு பஸ் ஏறினார். மறுநாளே மக்காச்சோளத்துக்கு வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டையைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"இத்தன வருசமா வெறுங்கையால வீசுனேன்ல, ஒடம்புல ஏறிடுச்சு. நிறுத்திட்டேன், தானா எறங்கிடும்."

ஒரு மாதமாக இதே பாட்டு. அது உடம்பே உண்டாக்குவது என்றால், "ஒடம்பு என்ன ஒரக் கம்பெனியா?" என்பார். அம்மா இறந்ததிலிருந்து வீட்டில் நாங்கள் இருவர்தான்; எனக்காகப் பேச யாருமில்லை. பயிர் மஞ்சளடித்தது, அவர் கால் வீங்கியது, எனக்கு ரத்தம் கொதித்தது.

எனக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது, அது அப்பாவுக்கும் தெரியும். அங்கே தேவைப்படும் ஜெர்மன் சொற்களை ஒரு மதியம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "ஹார்ன்ஷ்டொஃப்னா என்னா?" என்றார்.

"ஒங்க யூரியாதான். ஹார்ன்னா மூத்திரம், ஷ்டொஃப்னா பொருள். மொதமொதல்ல மூத்திரத்துலதான் கண்டுபிடிச்சாங்க, அதான் அந்தப் பேரு. யூரியாங்கறதும் அதே அர்த்தத்துல வந்ததுதான்."

தட்டிலிருந்து கையை எடுத்தார். "அப்ப மூட்டையில வர்றது?"

"அதே சரக்கு. ஃபேக்டரில செய்றாங்க."

"என்னோடது?"

"ஒங்க ஒடம்பு செஞ்சது. மூத்திரத்துல போவணும். கிட்னி அனுப்ப மாட்டேங்குது, ரத்தத்துலயே நிக்குது."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தானே! பெற்ற மகள் சொன்னால் ஏறாது, எவனோ ஜெர்மன்காரன் பேர் வைத்துச் சொன்னால் ஏறுமா? ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பேரு வச்சவன் வெவரமானவன்" என்றார். "சரி, திருச்சிக்குப் போவோம். ஒரு தடவ போனா போதுமா?"

"இல்லப்பா. இனிமே அடிக்கடி போவணும்."

கை கழுவிவிட்டு வந்து என் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நீ போனப்புறம் யாரு கூட்டிட்டுப் போவா?"

அடுத்த மாதம் கிளம்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதை நான் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.