செவ்வாய்க்கிழமை மிட்டாய்

சனிக்கிழமை பத்து மணி அடித்தால் ஸ்தூரே மிட்டாய்க் கடையில் நிற்பார். ஒரு கையில் காகிதப் பை, மறு கையில் சின்னக் கரண்டி. முதலில் உப்புக் கறுப்பு மிட்டாய், பிறகு மீன் வடிவ ஜெல்லி மிட்டாய், கடைசியாக இரண்டே இரண்டு சாக்லேட். பையின் வாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கியதும் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், புது மாப்பிள்ளை தோற்றான்.

மற்ற ஆறு நாளும் மனிதர் தொடமாட்டார். ஊர்ப் பேருந்தின் ஓட்டுநர், வயது நாற்பத்தெட்டு, ஆஜானுபாகு. புதன்கிழமை யாராவது மிட்டாய் நீட்டினால், "இன்னிக்குப் புதன்தானே?" என்று சாலையைப் பார்ப்பார். இலவங்கப்பட்டை பன் மட்டும் தினம் இரண்டு உள்ளே போகும். அது ரொட்டியாம். அவர் சட்டம், நாம் என்ன சொல்ல!

அந்தக் காலத்து ஸ்வீடன் பிள்ளைகள் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு புளோரைடு அத்தை உண்டு. பல் சொத்தையாகாமல் இருக்க மருந்துத் தண்ணீரைக் கொடுத்து வாய் கொப்பளிக்க வைப்பவர். ஸ்தூரேக்கு வாய்த்தவர் மாய்லிஸ். "மிட்டாய்னா சனிக்கிழமைதான்" என்று முதல் வகுப்பில் அவர் சொன்னது பசுமரத்தாணி. ஊர்ப் பல் மருத்துவமனையில் இன்றும் ஸ்தூரேயின் பல்லைச் சுத்தம் செய்வது அதே மாய்லிஸ்தான்.

போன வருஷம் ரத்த அழுத்த மாத்திரை ஸ்தூரேயின் வாயை உலர்த்திவிட்டது. முன்பல் ஒன்றில் ஈறோரமாகச் சொத்தை. முப்பது வருஷமாக ஊர் இசைக்குழுவில் கார்னெட் என்ற குட்டி எக்காளம் ஊதுகிறவர். அந்தப் பல் போனால் உதடு எதன்மேல் ஊன்றும்? மாய்லிஸ் பற்பசையோடு ஒரு டப்பாவும் தந்தார். நல்ல கிருமிகள் உள்ள வில்லைகளாம். தினம் ஒன்று வாயில் கரையவிட்டால் சொத்தைக் கிருமிகளுக்கு இடம் குறையலாம். மந்திரம் இல்லை, முயன்று பார்ப்போம் என்றார்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சொத்தை இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. வில்லையை ஒழுங்காகப் போட்டாயா என்று கேட்டார் மாய்லிஸ். ஸ்தூரேக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒண்ணுகூட விடலை அத்தை. இனிக்குது இல்ல? அதான் வாரம் பூரா சேத்து வச்சு, சனிக்கிழமை ஏழையும் போட்டுக்குவேன்."

மாய்லிஸ் முகக்கவசத்தை இறக்கினார். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. விதைத்தது அவரேதானே!

"ஒரே நாள்ல ஏழு பேர் வந்துட்டுப் போனா அது விருந்தாளிப்பா. தினம் இருந்தாத்தான் குடித்தனம்."

பல் இன்னும் தாங்கும், ஆனால் இனியும் பரவினால் தன் கையில் இல்லை என்றார். ஸ்தூரே விரல்விட்டுக் கிழமைகளை எண்ணினார்.

"செவ்வாய்க்கிழமையுமா அத்தை?"

"செவ்வாய்க்கிழமையும்தான்."

மறுநாளே செவ்வாய். காலையில் பல் துலக்கிவிட்டு, கார்னெட்டைத் துடைத்து மேசைமேல் வைத்தார். எதிர்வீட்டுக்காரி சன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்தூரே எழுந்துபோய், வருஷக்கணக்கில் தொடாத சமையலறைத் திரையை முழுக்க இழுத்து மூடினார். பிறகுதான் டப்பாவைத் திறந்தார்.