துலக்காத வாய்

காலை எட்டு மணிக்கு மெழுகுத் துண்டு ஒன்றை மென்றபடி ஐஸ் டப்பாவின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஊறுகிற எச்சிலைக் கண்ணாடிக் குழாயில் துப்பி, நுரை அடங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கோடு வரை வந்திருந்தால் ஒரு தலையசைப்பு. பல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவதுதான் அவர் வேலை. மாணவிகளுக்கு அவர் 'எச்சில் அண்ணன்'.

நோயாளிகளிடம் பிடுங்கிய பற்களைச் சில்லுகளாக அறுத்து அவருடைய எச்சிலில் ஊறவைப்பார்கள். மறுநாள் வழவழவென்று ஒரு படலம் படிந்திருக்கும். பல்லைச் சொத்தையாக்குவது அதுதான். நல்ல பாக்டீரியா ஒன்றைக் கொன்று, அதன் மேலுறையிலிருந்து பிரித்தெடுத்த மருந்தை முன்கூட்டியே தடவிய சில்லுகளில் மட்டும் படலம் அவ்வளவாக ஒட்டாது. சாயம் ஊற்றினால் தெரிந்துவிடும்: தடவாதது கத்தரிக்காய் நிறம், தடவியது வெளிறிக் கிடக்கும். "உயிரோட இருந்தப்ப செய்யாததை, செத்துச் செய்யுது பாருங்க" என்பார் அண்ணன், யாருக்கென்று இல்லாமல்.

அந்த மருந்து அவர் வாயில் மட்டும் படக் கூடாது. எச்சில் கொடுப்பவரின் வாய் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது விதி. கொடுக்கிற நாள் காலையில் துலக்காமலும் சாப்பிடாமலும் வந்தால் போதும் என்றுதான் பேராசிரியை சொல்லியிருந்தார். மூன்று நாள் துலக்காவிட்டால் படலம் இன்னும் கெட்டியாக வருகிறது என்பது இவராகக் கண்டுபிடித்தது. வாராவாரம் அப்படியே செய்தார், யாரிடமும் சொல்லவில்லை. "அண்ணன் எச்சில்னா அது தனிதான்" என்று தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி ஒருமுறை சொன்னாள். அதை வைத்துக்கொண்டு பதினோரு வருடம் ஓட்டினார். தியாகம் என்பது பெரிய சொல். யாருக்காவது வேண்டியவராக இருக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. "ஊரார் பல்லைக் காப்பாத்தற மனுஷன் வாயைப் பாருங்க" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் நின்று வெகுகாலமாகிறது. இப்போது சாப்பாட்டைக் குழைத்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

கடைவாய்ப்பல் ஒன்று மிஞ்சியிருந்தது. தாடை வீங்கியும் நான்கு மாதம் அதைப் பிடுங்க அவர் சம்மதிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கேட்டுக் கேட்டு அவருக்கே தெரியும்: சொத்தைக் கிருமி ஒட்டி வாழப் பல் வேண்டும், பல்லில்லாத வாயில் அது தங்காது. காய்ச்சலில் விழுந்த பிறகு மறுக்கத் தெம்பில்லை. பிடுங்கிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, இப்போதைய மாணவி சில்லுகளைச் சாயத்திலிருந்து எடுத்து அவரிடம் காட்டினாள். மருந்து தடவாததும் வெளிறிக் கிடந்தது.

"இனிமே நீங்க காலையில நிதானமா சாப்பிட்டுட்டே வரலாம்ணே."

"சரிம்மா" என்றார்.

அடுத்த வாரம் எட்டு மணிக்கு, ஈறால் மெழுகை மென்றபடி ஐஸ் டப்பாவின் முன்னால் நின்றார். வாய் நிறைய ஊறியிருந்தது. டப்பாவில் முதலாண்டு மாணவர்களின் பெயர் ஒட்டிய எச்சில் குழாய்கள். காலி இடம் இல்லை. கழுவும் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் பக்கம் திரும்பவில்லை. யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெல்ல விழுங்கினார்.