முனைவீட்டுக் கொத்தனாரம்மா

கொத்தனாரம்மாவுக்கு வாய் நீளம். கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கொத்துக்கரண்டி பேசும். ஊரில் பாதிச் சுவர்கள் அவள் எழுப்பியவை; மீதிச் சுவர்களைக் கட்டியவர்களெல்லாம் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். கடலுக்குள் நீண்ட பாறைமுனையின் நுனியில் தன் கையாலேயே ஒரு வீடு கட்டியிருந்தாள். அதை யாராவது குறை சொன்னால், அவருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போகும் குறுகிய பாறைப்பாதையைக் கடல் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஒரு குகை, இந்தப் பக்கம் ஒரு குகை என்று குடைந்து குடைந்து, கடைசியில் இரண்டும் சந்தித்துவிட்டன. பாதை பாலமாயிற்று. ஒரு நாள் அதன் நடுவில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. பெரிய அலை வரும்போதெல்லாம் காற்றும் உப்புத்தண்ணீரும் அதன் வழியாகச் சீறியடித்தன.

அவள் கணவர் தையற்காரர், வாயில்லாப் பூச்சி. அவரே அன்றைக்கு வாயைத் திறந்தார்.

"பாதை கிழிய ஆரம்பிச்சாச்சு. தெருப்பக்கம் வாடகைக்குப் போயிடலாம், வா."

கொத்துக்கரண்டி அவர் காதோரம் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"யோவ், ஊசி பிடிக்கிற ஆளு பாறையைப் பத்திப் பேசறியா? இந்த வீட்டை விட்டு என் பொணம்தான் போகும்!"

ஓட்டையில் கம்பி கட்டி, ஜல்லி கொட்டி, கான்கிரீட்டால் அடைத்தாள். சீறல் நின்றது. கடலுக்கே வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டதாகச் சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தாள். சும்மா சொல்லக்கூடாது, சுத்தமான வேலை. ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் அலை உள்ளே திணிக்கும் காற்றுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டோம் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

மழைக்காலத்தில் புயல் வந்தது, பட்டப்பகலில். குகைக்குள் அலை மோத மோத வீட்டுத்தரை அதிர்ந்தது. அலமாரிப் பாத்திரங்கள் உருண்டு விழுந்தன. திடீரென்று காது அடைத்துப்போகும்படி ஒரு வெடிச்சத்தம். கான்கிரீட் அடைப்பு கூரை உயரத்துக்கு எகிறி விழுந்தது. பாதையின் குறுக்கே விரிசல் ஓடியது. தையற்காரர் அவள் கையைப் பிடித்தார். அவளோ கதவு நிலையைக் கட்டிக்கொண்டாள்.

"விடுய்யா! நான் வரமாட்டேன்!"

கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு வார்த்தை அதட்டிப் பேசாத மனிதர், கூந்தலைக் கொத்தாகப் பற்றித் தரதரவென்று இழுத்தார். அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் கொட்டியது. அவர் விடவில்லை. முழங்கால் தேய, அலை முகத்தில் அறைய, பாலத்தைத் தாண்டிக் கரைப்பக்கம் விழுந்தார்களோ இல்லையோ, பின்னால் பாலம் மொத்தமும் இடிந்து கடலுக்குள் போயிற்று.

நுரை அடங்கியபோது வீடு நின்றது. ஒரு கீறல் இல்லை. நாலு பக்கமும் கடல் சூழ, தனித்தூணாகிப்போன பாறையின் உச்சியில் நின்றது. திறந்த கதவு வழியே தையல் மெஷின்கூடத் தெரிந்தது.

"பாத்தியாய்யா, என் வீடு விழல," என்றாள். சொன்ன வாய் கோணிக்கொண்டது. இனி ஜென்மத்துக்கும் அந்தப் படியை மிதிக்க முடியாது. ஓவென்று அலறினாள். கைக்குக் கிடைத்த கல்லையெல்லாம் எடுத்துத் தன் வீட்டின்மீதே எறிந்தாள். ஒன்றும் போய்ச் சேரவில்லை. எல்லாம் பாறையடியில் விழுந்தன. அடுத்த அலை அவற்றை வாரியெடுத்து அந்தப் பாறையிலேயே ஓங்கி அடித்தது.

தையற்காரர் ரத்தம் சொட்டும் கையால் அவள் கையைப் பிடித்தார்.

"போதும்மா. கடலுக்கு நீயே கல்லெடுத்துக் குடுக்காதே."