நேராக்கிய கோபுரம்

தொண்ணூறுகளின் நடுவில் ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஓர் அச்சகத்தில், கணினியில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்த்தேன். எங்கள் கோயிலின் கும்பாபிஷேக மலர் எங்களிடம்தான் வந்தது. அட்டைக்கு அப்பா எடுத்த கோபுரப் படம். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கோயில் விசேஷம் ஒன்று விடாமல் படம் எடுத்திருக்கிறார். ஒன்றுகூட அட்டையில் வந்ததில்லை. இந்த முறை வருகிறது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

கோயில் தலைவர் படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "என்னம்மா, கோபுரம் பின்னால சாயுது? கம்ப்யூட்டர்ல நிமித்திடலாம்லா? முடியலன்னா சாமி படத்தப் போட்டுடுங்க."

சாயாமல் என்ன செய்யும்? தெருவின் அகலமே அவ்வளவுதான். அப்பா எதிர்க்கடை வாசலில், சாக்கடை ஓரமாக மல்லாந்து படுத்து எடுத்த படம் அது. சட்டைக் கறைக்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் எதுவும் மேலே போகப் போகக் குறுகி, சாய்ந்த மாதிரிதான் விழும். மறுபடி எடுக்கவும் வழியில்லை. வாசலை மறைத்துப் பந்தல் போட்டுவிட்டார்கள்.

மென்பொருளில் இதற்கு வழி இருந்தது. படத்தின் மேல் மூலைகள் இரண்டையும் பிடித்து வெளியே இழுத்தால் குறுகியது விரியும். சொல்லத்தான் சுலபம். ஓர் இழுப்புக்கு அந்தச் சனியன் பிடித்த கணினி முனகிக்கொண்டே கிடக்கும். கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு வந்தாலும் பாதிப் படம்தான் மாறியிருக்கும். தப்பாகப் போனால் ஒரே ஒரு படிதான் பின்னால் போகலாம். அதற்கு மேல் என்றால் முதலிலிருந்து.

இரண்டு ஓரமும் செங்குத்தாக நிற்கும்வரை இழுத்தேன். தலைவர் வந்து பார்த்தார். "கோபுரமா இது, பிளாட்டு வீடா?"

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல். கோபுரம் பிறவியிலேயே மேலே குறுகுவதுதானே. எது கேமரா செய்த குறுகல், எது கட்டியவர் வைத்த குறுகல்? கடைசியில் படத்தில் கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தை அளவாகப் பிடித்தேன். கம்பம் நேரானால் கோபுரமும் நேர். நேரானது. ஆனால் விரித்ததில் கோபுரம் குட்டையாகிவிட்டது. உயரத்தை இழுத்தேன், கலசங்கள் அட்டைக்கு வெளியே போய்விட்டன.

"கலசம் இல்லாம கும்பாபிஷேக மலரா?" என்றார் தலைவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி வேறு, "சாமி படத்தப் போடு தங்கச்சி, விடுலா" என்றார். விடமாட்டேன் என்றேன். மொத்தத்தையும் சின்னதாக்கி, காலியான ஓரங்களில் வானத்தை வெட்டி ஒட்டினேன். முடிந்தது என்று மூச்சு விட்டபோது, அந்தக் கம்பம் அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்றார் தலைவர். வயிறெரிந்துகொண்டே அதையும் அழித்தேன்.

மலர் அச்சாகி வந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான். என் படம் வேணாம்னுட்டாங்களா?"

"உங்க படம்தான்பா."

"இல்லம்மா. இப்படித் தெரியணும்னா ரொம்ப தூரம் தள்ளி நிக்கணும். அங்க நிக்க இடம் ஏது? சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத."

உள்பக்கத்தைத் திருப்பி, படம் எடுத்தவர் என்று அவர் பெயர் போட்டிருந்ததைக் காட்டினேன். பார்த்தார். மலரை மூடி மேசையில் வைத்தார். அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர் யாருக்கும் அவர் அதை எடுத்துக் காட்டவில்லை.