பாசியில் கோத்த இடது கண்

முகம் மட்டும் செய்ய மாட்டேன் என்று சத்தியமே செய்திருந்தேன். ஆரி ஊசித் தையலில் பூ போடலாம், மயில் போடலாம், யானைக்கு அம்பாரிகூட வைத்துவிடலாம். யானை வந்து என் தும்பிக்கை இப்படியா இருக்கும் என்று சண்டைக்கு நிற்காது. மனிதர்கள் நிற்பார்கள். சில வருடங்களுக்கு முன்னால் மல்லாங்கிணறு பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்கு, பெண் மாப்பிள்ளை இரண்டு பேர் முகத்தையும் ரவிக்கையின் முதுகில் பாசிமணி கோத்துத் தைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் மீசை கம்பளிப்பூச்சியாக வந்துவிட்டது. அதை யாரோ படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைக்க, அருப்புக்கோட்டையில் தெரிந்தவர்கள் எல்லாம் என்னைக் கண்டால் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இரண்டு பேரிடம் பேச்சுவார்த்தையே முறிந்துபோனது.

அதனால் நரிக்குடி பஸ்ஸில் வந்து இறங்கிய அந்தப் பெண், கல்யாண ரவிக்கையில் அப்பா முகம் வேண்டும் என்றதும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. திருச்சுழியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மூன்று வயதில் அப்பா போய்விட்டார். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

"அப்பா மணவறைக்கு வரணும்க்கா. எனக்கு வேற வழி தெரியல" என்றாள்.

அப்படிச் சொன்னால் என்ன செய்வது? வாய்தான் எனக்கு நீளம், மனசு அவ்வளவு நீளம் தாங்காது. படத்தைக் கொடு என்றேன்.

போனில் காட்டினாள். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கிற பெரிய படம். ஸ்டுடியோவில் பெரிதாக்கி, பின்னால் நீலத் திரை போட்டு, தலையைப் படிய வாரிவிட்ட முகம். பெரிதாக்கிய படத்தை நான் நம்புவதில்லை. ஸ்டுடியோக்காரர்கள் செத்தவர்களுக்குச் சட்டைகூட மாற்றிவிடுவார்கள். இது எதிலிருந்து எடுத்தது, அந்தச் சின்னப் படத்தைக் கொண்டு வா என்றேன். கல்யாண ஆல்பம் மழையில் நனைந்து ஒட்டிப்போய்விட்டதாம். மிச்சம் ஒரே ஒரு படம், ஏதோ அட்டைக்காக எடுத்தது. கட்டை விரல் அகலம்தான்.

"அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வா. அவங்கதானே பார்த்துச் சொல்லணும்?"

"அம்மா வரமாட்டாகக்கா. அந்தப் படம் இருக்கிற பக்கமே திரும்ப மாட்டாக. வெளக்குப் போடுறதே நான்தான்."

மறுநாள் சின்னப் படத்தைக் கொடுத்தனுப்பினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் ஒன்று. இடது கண் மட்டும் வேறு. பெரிய படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு. சின்னப் படத்தில் இடது கண்ணின் இமை பாதி இறங்கியிருந்தது. கேமரா வெளிச்சத்துக்குக் கண் கூசியதா, அந்த மனிதருக்குக் கண்ணே அப்படியா, எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் போனில் கேட்டேன். "அது கண்ணச் சிமிட்டிட்டாக போலக்கா. வீட்டுல இருக்க படம்தான் எங்கப்பா. அது மாதிரியே போடுங்க" என்றாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் விளக்குப் போட்ட முகம் அது. நான் யார் இல்லை என்று சொல்ல?

பட்டுத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். தாளில் முகத்தை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைத் தேய்த்துத் துணியில் இறக்கினேன். தோலுக்கு மட்டும் ஆறு நிறத்தில் சுகர் பீட்ஸ் வாங்கினேன். கடுகைவிடச் சின்னப் பாசி. பக்கத்தில் இருந்து பார்த்தால் கொட்டிக் கிடக்கிற கடுகுதான். எழுந்து போய் வாசற்படியில் நின்று, போன் கேமராவில் பார்த்தால்தான் முகம். ஒரு பாசி நிறம் மாறினால் கன்னம் ஒட்டிப்போகும். ஒரு நாளில் முப்பது தடவை வாசலுக்கும் சட்டத்துக்கும் நடந்தேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் எண்ணிக்கை தவறினால் எங்கள் வீட்டுத் தெலுங்கில் திட்டுவேன். வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

முகம் கூடி வந்த நேரத்தில் ரவிக்கை அளவு பார்க்க அவள் வந்தாள். கூடவே மாப்பிள்ளையின் அக்காவும் வந்தார். வந்தவர் சட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"எங்கப்பா, மதினி."

அவர் முகம் மாறியது. "தப்பா எடுத்துக்காத. எனக்கு ஒண்ணும் இல்ல. செத்தவுக முகத்த முதுகுல வச்சுக்கிட்டு மணவறையில உக்காந்தா எங்க சொந்தத்துல என்ன பேசுவாக? நாளைக்கு வீட்டுல ஒண்ணுன்னா இதத்தான் சொல்லிக் காட்டுவாக."

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க, பெத்த அப்பன் முகத்தைப் பார்த்துக் கெட்டுப்போற கல்யாணம் எங்கேயும் உண்டா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்குப் போகிற இடம் அது. என் வாயால் அவளுக்குத்தான் கேடு.

கடைசியில் அந்த மதினியே ஒரு வழி சொன்னார். "போட்டது போட்டதா இருக்கட்டும். பூச்சடைய நல்லா தடியாப் பின்னி மேல போட்டுருங்க. ஒருத்தர் கண்ணுல படக் கூடாது."

சரி என்று அவள் தலையாட்டினாள். நான் முகத்தை மாலைக்குக் கீழே, முந்தானைக்கு வலது பக்கம், ஸ்கேல் வைத்து அளந்து வைத்திருந்தேன். சடை விழுகிற இடம் என்று யோசிக்கவே இல்லை. ஆரி தைக்கிறவள், கல்யாணப் பெண்ணுக்குச் சடை இருக்கும் என்பதை மறந்திருக்கிறேன்! இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

இரண்டு கண்ணையும் ஒரே அளவில் வைத்து முடித்தேன். வாசற்படியில் நின்று பார்த்தேன். எவரோ ஆபீசர் மாதிரி இருந்தது. கரிய முகம், நல்ல மீசை, ஆனால் ஆள் இல்லை. மறுபடி சின்னப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இறங்கிய இமையில்தான் ஆள் இருந்தார்.

அவள் அம்மாவின் நம்பரை வாங்கிப் போட்டேன். யார் என்று சொல்லி, "அக்கா, அவருக்கு இடது கண்ணு கொஞ்சம் சின்னதா?" என்று நேரடியாகக் கேட்டேன். அந்தப் பக்கம் ஆடு கத்துவது மட்டும் கேட்டது. அக்கா, அக்கா என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்பப் போட்டேன். அடித்து ஓய்ந்தது.

மறுநாள் காலையில் துணியைத் தைக்கக் கொடுத்தாக வேண்டும். வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தேன். இல்லை என்றால் இல்லை என்று சொல்லியிருப்பாரே, எதற்குப் போனை வைக்கிறார்? பெண் சொன்னது ஒரு பக்கம், அம்மா சொல்லாதது ஒரு பக்கம். பட்டில் ஊசி போன இடம் போனதுதான். பிரித்தால் ஓட்டை தெரியும். இமையை இறக்கினால் அந்த ஓட்டைகளைப் பாசி மூடிவிடும். ஆனால் இறக்கிய இமையைத் திரும்ப ஏற்ற முடியாது. தப்பாகப் போனால், ஒரு பெண் ஆசை ஆசையாகக் கேட்ட அப்பாவை நான் கெடுத்தவள் ஆவேன். கம்பளிப்பூச்சி மீசைக்கு ஊர் சிரித்தது. இதற்கு ஊர் சிரிக்காது, அவள் அழுவாள்.

கத்தரிக்கோலை எடுத்தேன். இடது கண்ணின் மேல்பாதியைப் பிரித்து, பாசி பாசியாகக் கிண்ணத்தில் போட்டு, அந்த இடத்தில் கரும்பழுப்புப் பாசியால் இமையை இறக்கினேன். விழியின் ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பாசி வைத்தேன். முடித்து எழுந்து வாசற்படிக்குப் போகவே எனக்குத் தைரியம் இல்லை. போய்ப் பார்த்தபோது அவர் என்னைப் பார்த்தார்.

அவளிடம் சொல்லவில்லை. அது என் தப்பு. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் திருச்சுழி மண்டபத்துக்கு நானே ரவிக்கையைக் கொண்டுபோனேன். அவள் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ண மாத்திட்டீகளா?"

"சின்னப் படத்துல இருந்த மாதிரி..."

"நான் கேட்டது இது இல்லையேக்கா." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ரவிக்கையை மடித்து வைத்தாள். "பரவால்ல விடுங்க. எப்படியும் சடைதான் மறைச்சிருமே."

திரும்பி வந்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் பாசி வேலை ரவிக்கை, மணவறையில் ஒரு நூல் அறுந்தால் ஓடித் தைக்க ஆள் வேண்டும். ஊசியும் நூலும் கைப்பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் மணமகள் அறைக் கதவை ஒட்டி நின்றேன். அந்தக் கதவு மேடையின் பின்பக்கம் திறக்கும். உள்ளே இருந்து பார்த்தால் பெண்ணின் முதுகு தெரியும், சடை தெரியும். முகம் தெரியாது.

அங்கே இன்னொருத்தரும் நின்றார். ஒடிசலான உடம்பு, வெறும் நெற்றி, புதுச் சேலையின் மடிப்புகூடக் கலையவில்லை. பெண்ணின் அம்மா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. தாலி இல்லாதவர் முன்னால் நிற்கக் கூடாது என்று பின்னால் நிறுத்தியிருந்தார்கள், அல்லது அவரே நின்றுகொண்டார். பெண்ணுக்குச் சடை போட்ட பிறகுதான் வந்தாராம், ரவிக்கையின் முதுகை இன்னும் பார்க்கவில்லை. நான்தான் போன் செய்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். கெட்டிமேளம் என்று கத்தினார்கள்.

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். மிச்ச இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டியது. அந்த மதினி குனிந்தார். பூச்சடை கழுத்தை மறைத்துக்கொண்டு கிடந்தது. அதைத் தூக்காமல் முடிச்சுப் போட முடியாது. யாரும் பார்க்கக் கூடாது என்று சொன்ன அதே கையால் சடையைத் தூக்கித் தோள் மேல் ஒதுக்கினார். மேளச் சத்தத்தில், அட்சதை விழ விழ, முதுகிலிருந்து அந்த அப்பா எங்களைப் பார்த்தார்.

மெதுவாகத் திரும்பிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்திருந்தார்.

"அந்தக் கண்ணு அப்படித்தான்" என்றார்.

நான்தான் தைத்தவள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், போனில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கரி சுடுற மூட்டத்துக்குக் கருவேல வெட்டப் போயிருந்தோம். நான் இழுத்த கொப்பு விசிறி அடிச்சு, அவுக கண்ணுல முள்ளு பாஞ்சிருச்சு. நான் இழுத்த கொப்பு. சாகுற வரைக்கும் அவுக அத ஒரு வார்த்தை சொல்லிக் காட்டுனதில்ல. வீட்டுப் படத்துல அதச் சரிபண்ணிட்டாக, பாக்கவே மனசு வராது."

மேடையில் மூன்றாவது முடிச்சு விழுந்தது. மதினி சடையை எடுத்துப் பழையபடி முதுகில் போட்டார். முகம் மறைந்தது.

"ஏம்மா," என்று அந்த அம்மா என் கையைத் தொட்டார். "அந்தச் சடைய எடுத்து முன்னால போட்டுட்டு வாரியா? கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று மேடை ஏறினேன்.