பதினாறு காட்டிய கைபேசி

பிறர் செய்த பொருளைப் பார்த்து மக்களை வியக்க வைப்பதுதான் பூமிகாவின் வேலை. அறிவு வியப்பில் தொடங்குகிறது என்று சிந்தித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய தொழிலில் வியப்போடு எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் அடுத்த பொருள் வந்துவிடும்.

நீடாமங்கலத்துப் பெண். சென்னையில் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் இருந்தாள். மாதத்தில் பாதி நாள் பயணம். புனே, ஐதராபாத், இந்தூர். எந்த ஊர் விடுதியிலும் ஒரே வெள்ளைப் படுக்கை, ஒரே ஆறிப்போன ஆம்லெட். எந்த ஊரில் கண் விழித்திருக்கிறோம் என்பதைக் கைபேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று பார்ப்பாள். அந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருப்பதாக அவளுக்குத் தோன்றுவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

கடைசியாக அவள் கொண்டாடிய பொருள் ஒரு செயலி. ஒரு பிடி நெல்லைக் கைபேசியால் படம் எடுத்தால் ஈரப்பதம் எவ்வளவு என்று சொல்லிவிடும். பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால், சம்பா அறுவடையின்போது டெல்டாவில் எல்லோரும் அஞ்சும் எண் அது. விளம்பரப் படத்தைக் குடவாசல் பக்கம் தன் தாய்மாமன் மருதையனின் வயலிலேயே எடுத்தாள். குரலும் அவளுடையதுதான். செயலி பெரும்பாலும் எந்த நெல்லைக் காட்டினாலும் பதினாறு என்றுதான் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றார்கள். அவள் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. நன்றாகக் காய்ந்த நெல்லாகக் கொண்டுவரும்படி மட்டும் மாமாவிடம் சொன்னாள்.

தை மாதம் அறுவடை முடிந்ததும் ஊரே நெல்லைச் சாலையில் பரப்பிக் காய வைத்தது. மருதையன் காய வைக்கவில்லை. கைபேசி பதினாறு என்றது. ஈர நெல்லை அப்படியே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொள்முதல் நிலையத்தில் குவித்தார். அங்கிருந்த கருவி இருபத்தொன்று காட்டியது.

“உங்க மெஷின்தான் தப்பு. இது எங்க அக்கா மக பேசுறது, கேளுங்க! அவ பொய் சொல்லுவாளா?” என்று அளந்த ஊழியரின் முகத்துக்கு நேரே விளம்பரம் ஓடிய கைபேசியை நீட்டிக் கத்தினார். யாரோ அதைப் படம் பிடித்துப் போட, பொழுது சாய்வதற்குள் லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அளந்தவரைத் திருடன் என்று ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதினார்கள்.

ஐதராபாத்தில் இருந்த பூமிகாவை மேலாளர் நௌஷாத் அழைத்தார். “காசு குடுத்தாலும் இப்படி ஒண்ணு கிடைக்காது பூமிகா. நம்ம பக்கத்துல உடனே போடுங்க.”

“ஊருக்குப் போயிட்டுச் சொல்றேன் சார்.”

நாலு நாள் கழித்துத்தான் அவளால் வர முடிந்தது. அதற்குள் மழை வந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் குவியல்மேல் படுதாவைப் போர்த்திவிட்டு மருதையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வயல்காரர் சித்தீக் தன் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன மருதையா, நெல்லுக்குப் போன் போட்டியே, காஞ்சிட்டேன்னு அதுவே சொல்லுச்சா?”

“போய்யா, உன் வேலையப் பாரு” என்றவர் பூமிகாவைக் கண்டதும் எழுந்தார். “வா பாப்பா. நீயே அந்த ஆளுகிட்ட சொல்லு. உன் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது.”

“மாமா, அவங்க மெஷின் சரிதான். நம்மதுதான் தப்பு.”

“அன்னிக்கு சரியாத்தானே காட்டுச்சு?”

“அன்னிக்கு நீங்க நல்லாக் காய வச்சுக் கொண்டாந்தீங்க மாமா. எதைக் காட்டினாலும் அது பதினாறுதான் சொல்லும்.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

மருதையன் படுதாவைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். குவியல் சூடேறியிருந்தது. கை நிறைய அள்ளினார். நெல்மணிகளில் வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது. காய வைத்தாலும் இனி யாரும் எடுக்க மாட்டார்கள்.

“கம்பெனிகிட்ட கேட்டு ஏதாவது வாங்கித் தரேன் மாமா. நடந்ததையும் வெளிய சொல்லிடுறேன்” என்றாள்.

“சொல்லாத.” அவர் குரல் இறங்கியிருந்தது. “ஊரு முன்னாடி உன் பேரச் சொல்லிச் சண்டை போட்டிருக்கேன். நெல்லு போனா போவுது, அடுத்த போகம் இருக்கு. அக்கா மக ஏமாத்திட்டான்னு சித்தீக் சிரிச்சா, நான் எங்க போயி நிக்கிறது? மெஷின்தான் தப்புன்னே இருக்கட்டும்.”

“அளந்தவர் பாவம் மாமா.”

“அவரு வேத்து ஊரு. மாத்தல் வாங்கிட்டுப் போயிடுவாரு.”

பூமிகா படுதாவின் ஓரத்தை இழுத்துக் குவியலை மூடினாள். உண்மையைச் சொல்லத் துணிவதும், சொல்லாதே என்றதும் மனம் லேசாவதும் ஒருவருக்குள்ளேயே நடப்பவைதான். மாமா கேட்டதும் நௌஷாத் கேட்டதும் ஒன்றாகவே இருந்தன. மறுப்பதற்கு அவள் ஒருத்திதான் மிச்சம்.

திரும்பும் பேருந்தில், மாமா கத்திய அந்தப் படத்தை நிறுவனத்தின் பக்கத்தில் போட்டாள். தலைப்பு வைக்க அதிக நேரம் ஆகவில்லை, பழகிய கை. நௌஷாத் கைதட்டும் பொம்மைகளை அனுப்பி, இந்தூருக்கு விமானச் சீட்டையும் அனுப்பினார்.

கொரடாச்சேரி தாண்டியதும் முன் இருக்கையில் ஒரு பெண் கைபேசியைச் சத்தமாக வைத்தாள். “அவ பொய் சொல்லுவாளா?” என்று மாமாவின் குரல் கேட்டது. அந்தப் பெண் சிரித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.