சைப்பிரஸில் வீடு மாறியவர்கள்

ஒன்பதாம் வகுப்பில் மகள் ஒரு தீவைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேச வேண்டியிருந்தது. அவள் சைப்பிரஸைத் தேர்ந்தெடுத்தாள். சினேகிதியின் குடும்பம் கோடையில் அங்கே கடல் குளிக்கப் போகும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவளுடைய பள்ளிக்கூட வேலைகள் வழக்கமாகத் தகப்பனிடம்தான் போகும். என் டேனிஷ் மொழி அவளுக்குப் போதாது. நானும் ஒரு தீவில் பிறந்தவள் என்றபடியால் இம்முறை கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

தொடக்கம் நன்றாகவே போனது. வடக்குக் கரையோரம் ஒடுங்கிய ஒரு மலைத்தொடரும் தென்மேற்கில் பெரிய மலைகளும் வரைந்தாள். நடுவில் கோதுமை விளையும் சமவெளி. வடகிழக்கு முனை விரல்போலக் கடலுக்குள் நீண்டிருந்தது. செம்புக்காக வந்தவர்கள், ரோமர், வெனிஸ்காரர், துருக்கியர், கடைசியில் ஆங்கிலேயர் என்று வந்தவர்களையெல்லாம் வரிசையாக எழுதினாள்.

"எங்களையும் அவங்கள்தானே ஆண்டவங்கள்" என்றேன்.

"அம்மா, இது சைப்பிரஸ்" என்றாள் டேனிஷில். அவள் எனக்கு எப்போதும் டேனிஷில்தான் பதில் சொல்வாள்.

பிறகு துருக்கிப் படை வந்து இறங்கியதும் தீவு இரண்டானதும் வந்தன. கிரேக்கம் பேசியவர்கள் தெற்கே ஓடினார்கள், துருக்கி மொழி பேசியவர்கள் வடக்கே போனார்கள். அதற்கு அவள் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: 'பலர் வீடு மாறினார்கள்.' இங்கே கோல்டிங் நகரில் நாங்கள் ஒரு அடுக்குமாடியிலிருந்து இன்னொன்றுக்குப் போனபோது சொன்ன அதே டேனிஷ் சொல்.

"என்ன பிள்ளை இது? அடுப்பில சோறு வேகேக்க ஓடின சனம். வீடு மாறினதோ?"

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் ஒரு பக்கம் சாயக்கூடாது."

"துரத்தினதைத் துரத்தினது எண்டு சொல்லுறது சாயிறதே? இரண்டு பக்கத்தையும் அப்பிடியே எழுதன். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு, மழையில நாவற்குழிப் பாலத்தால நான் நடந்து வரேக்க எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்களும் வீடு மாறினமோ?"

அவள் பேனையை மேசையில் வைத்தாள். "எதைத் தொடங்கினாலும் நீங்கள் அதை யாழ்ப்பாணம் ஆக்கிவிடுகிறீர்கள்." பிறகு, தமிழில், தடக்கித் தடக்கிச் சொன்னாள்: "நீங்கள் மாமியோட கதைக்கேக்க என்ன சொல்லுறனீங்கள்? 'இடம்பெயர்ந்தனாங்கள்.' இடம் மாறினது. அதுவும் இதுதானே?"

அவள் சொன்னது சரி. அன்று நடந்து வந்ததை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் மழையும், வழியில் விட்டுவிட்டு வந்த சைக்கிளும், அப்பாவின் தோளில் தம்பி நித்திரையானதும் எங்களுக்குக் கேட்கும். அவளுக்கு எப்படிக் கேட்கும்? அதை டேனிஷில் சொல்ல வெளிக்கிட்டேன். வினைச்சொல் தவறியது. அவள் திருத்தினாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறி, "உன்ர விருப்பம் போல எழுது" என்று எழும்பிவிட்டேன்.

அடுத்தநாள் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோதும் வாய்க்குள் அதே வாக்குவாதம்தான். 'துரத்தப்பட்டார்கள்' என்பதற்குச் சரியான டேனிஷ் சொல் தேநீர் இடைவேளையில் அகப்பட்டது. உடனே அவளுக்குச் செய்தி அனுப்பினேன். பெருவிரலை உயர்த்திய ஒரு படம் மட்டும் திரும்பி வந்தது.

அவள் பேசிய அன்று வேலையால் நேரே வீட்டுக்கு வந்தேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துகொண்டு, நன்றாகப் போனது என்றாள்.

"சனம் ஓடின இடத்தில என்ன சொன்னனீ?"

"அந்த இடம் வரவே இல்லை, அம்மா. தண்ணீர்ப் பஞ்சத்தையும் சுற்றுலாவையும் பற்றி ஆசிரியர் நிறையக் கேட்டார். நேரம் முடிந்துவிட்டது."

"எழுதினதிலயாவது அந்தச் சொல்லை மாத்தினனீயோ, இல்லையோ?"

"ஓம், மாத்தினனான்" என்றாள். பால் போத்தலோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளிலா, ஆசிரியரிலா, புத்தகத்திலா கோபப்படுவது என்று தெரியாமல் நான் குசினியில் நின்றேன். காலணியைக்கூட இன்னும் கழற்றியிருக்கவில்லை.